ஆட்டிசமும் ஆட்டுப்பாலும்

...பின்ன என்ன தங்கச்சி, கோதும மாவக் கண்ணாலயும் பாக்கக் கூடாதுன்னா நாங்க எதத் திங்கிறது? மண்ணையா? கூப்பனுக்கு அளந்து குடுக்கிற அரிசி ரெண்டு நாளைக்குக் காணாது. பேக்கரிப் பாணுக்குன்னா விடியுமுன்ன போயி கியூவுல நிக்கணும். தோட்டத்து ஜனம் உசிரோட நடமாடுறதே அந்த மாவு ரொட்டியாலதான். நம்ம வைத்தியரு, இந்த ஜுனைதீன் ஹக்கீம் என்னடான்னா, உள்ள சாஞ்சு உக்காந்து தாடியத் தடவிக்கிட்டு, "மாவு ஆகாது, புளிப்பு ஆகாது, புள்ளைக்குக் குரக்கன் கஞ்சி குடுங்க"ங்கிறாரு. குரக்கன்னா கேப்பதான், அது எங்க வெளையுது? அவரு தாடியிலயா?

கையக் காட்டுறீங்க, மெதுவாப் பேசவா? எதுக்கு? அவருக்கு ஒரு காது கேக்காதுங்க. இந்தப் பக்கத்துக் காதுதான். அதனாலதான் நான் எப்ப வந்தாலும் இந்த வாங்குலயே உக்காருறது.

நல்லா சாஞ்சு உக்காருங்க. மொதத் தடவையா? தெரியுது. மொதத் தடவ வர்றவங்கதான் வாங்கு நுனியில உக்காருவாங்க, எந்திரிச்சு ஓடுறதுக்குத் தோதா. முக்காட்ட கொஞ்சம் தளத்திக்கிட்டா என்ன, வேர்க்குதே... சரி சரி, இருக்கட்டும். உங்க இஷ்டம். மடியில இருக்கிறது பொண்ணா? அழகா இருக்கு. கை வெரல அப்படித்தான் கண்ணுக்கு முன்னால ஆட்டிக்கிட்டே இருக்குமா? ம்... ம். எறக்கி விடுங்க, ஓடட்டும். இந்த விறாந்தையில யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இங்க வர்ற புள்ளைங்க எல்லாம் அப்படி இப்படித்தான்.

அந்தா, தூணக் கட்டிப் புடிச்சு கன்னத்த வச்சுக்கிட்டு நிக்கிறாளே, பச்சக் கவுனு, அவதான் என் மக. சரோஜாதேவி. அவ அப்பா வச்ச பேரு. இவ்வளவு நீளமா வச்சா யாருங்க கூப்புடுறதுன்னு அப்பவே கேட்டேன். கடைசில பாத்தா, தொண்ட கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத புள்ள! சின்னப் பேரா வச்சிருந்தா தொண்டையாவது மிச்சமாயிருக்கும். நாங்க ஹாலிஎலைக்கு மேல இருக்கிற தோட்டம். நான் கொழுந்து எடுக்கிறேன், அவரு தேயில ஸ்டோருல வேல. எங்க லயத்து வரிச வீடுகள்ல என்னய எல்லாரும் சரோசாம்மான்னுதான் சொல்லுவாங்க.

நடக்க வேண்டிய வயசுல அவ நடந்துட்டா தங்கச்சி. பேச்சு மட்டும் வரல. கண்ணப் பாக்க மாட்டா. தொட்டா கத்துவா. தகர மூடிய எடுத்துச் சுத்தி விட்டான்னா, அது நிக்கிற வரைக்கும் பாப்பா, நின்னா திருப்பிச் சுத்துவா. பொழுது போயிரும். லயத்துல ஆளுக்கொரு வைத்தியம். "நாக்குல வசம்பு தேய்", "காக்கா எச்சில ஊட்டு"... ஊட்டல, ஊட்டல! மூஞ்சியச் சுழிக்காதீங்க. நெனச்சேன், ஊட்டல.

அப்பதான் எங்க தோட்டத்துக் கிளாக்கரய்யா சொன்னாரு, பதுளையில இரகுநாதன் டாக்டருன்னு ஒருத்தரு சொந்தமா டிஸ்பென்சரி வச்சிருக்காரு, லண்டன்ல படிச்சவரு, அவருகிட்டக் காட்டுங்கன்னு. தெரியுமா அவர? கீழ டிஸ்பென்சரி, மேல வீடு. தெரியாதா? சரி, தெரியலன்னாலும் கேளுங்க.

போனோம். புள்ளய மேசையில உக்கார வச்சாரு. காதப் பாத்தாரு, கண்ணப் பாத்தாரு. அப்புறம் குனிஞ்சு, அவங்க யாழ்ப்பாணத்துப் பேச்சுல, ரொம்ப அழகா, "எங்க பிள்ளை, வாயைத் திறவுங்கோ பாப்பம்"னாரு. இவ மேல சுத்துற காத்தாடியப் பாத்துக்கிட்டு இருக்கா. அவரும் விடல. "எங்க பிள்ளை, வாயைத் திறவுங்கோ பாப்பம்." நாலஞ்சு தடவ கேட்டிருப்பாரு. எனக்கே வாயத் தொறந்துரலாமான்னு இருந்துச்சு.

அப்புறம் நிமிந்து, "இது ஆட்டிசம்"னாரு.

எனக்கு ஒண்ணும் வெளங்கல. "ஐயா, நாங்க ஆடெல்லாம் வளக்கலைங்க"ன்னேன்.

அவரு சிரிக்கல. "பிள்ளையில பிழை இல்லை. தாயிலதான் பிழை. தாய் பாசம் காட்டாட்டி பிள்ளை தனக்குள்ள போய்ப் பூட்டிக்கொள்ளும். பெரிய பெரிய ஆக்கள் ஆராய்ஞ்சு எழுதியிருக்கினம். நீங்கள் பிள்ளையோட கதைக்கிறேல்லை"ங்கிறாரு.

நான் புள்ளகிட்டப் பேசுறதில்லையாம்! நான்! கேட்டுக்கிட்டீங்களா தங்கச்சி?

என் வூட்டுக்காரரு சிரிச்சுட்டாரு. டாக்டரு முன்னாலயே, வாயப் பொத்திக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்க. அடக்க முடியல மனுசனுக்கு. அதுக்கு டாக்டரு கண்ணாடிக்கு மேலால அவர ஒரு பார்வ பாத்தாரு, தகப்பனும் சரியில்லன்னு.

கைப்புள்ளய ஆயா பாத்துக்கிற புள்ளக் காம்பராவுல விட்டுட்டு நான் மலைக்கு வேலைக்குப் போனதாலதான் இப்படி ஆச்சாம். "அப்படின்னா ஐயா, எங்க தோட்டத்துப் புள்ளைங்க அத்தனையும் ஊமையால்ல இருக்கணும்? ஒரு நாளைக்கு லயத்துப் பக்கம் வாங்க, காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வாங்க"ன்னேன். கேக்கவே இல்ல. கொழும்புல ஏதோ விடுதி இருக்காம், அங்க கொண்டு போயி விட்டுறணுமாம். "நீங்கள் போய்ப் பாக்காதையுங்கோ. உங்களை விட்டுத் தூர இருந்தாத்தான் சுகம் வரும்"ங்கிறாரு. இன்னொண்ணு, நாட்டு மருந்து, பூசாரி, தாயத்துன்னு திரிஞ்சா அவரு வாசப்படிய மிதிக்கக் கூடாதாம்.

அன்னிக்கு பஸ்ஸுல நான் வாயத் தொறக்கல. ஹாலிஎல வந்து எறங்குற வரைக்கும் ஒரு வார்த்த பேசல. என் வூட்டுக்காரரு பயந்துட்டாரு. காச்சலான்னு நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. கல்யாணமான நாள்லேருந்து அப்படி ஒரு அமைதிய அவரு கேட்டதில்லையாம், அப்புறம் சொன்னாரு.

வீட்டுக்கு வந்து, சரி, பாசம் காட்டலன்னுதானே சொன்னாருன்னு, புள்ளயத் தூக்கி இறுக்கி அணைச்சேன். விடவே இல்ல. அவ கத்துறா, நான் விடல. கடிச்சுட்டா. இந்தா பாருங்க தழும்பு. ரத்தம் வழியுது, நான் இன்னும் புடிச்சுக்கிட்டே இருக்கேன், "பாத்தியாடி, பாசம் காட்டுறேன் பாத்தியாடி"ன்னு. பைத்தியக்காரி மாதிரி. அவருதான் வந்து கையப் பிரிச்சு விட்டாரு. "கொழும்புக்கும் அனுப்ப வேணாம், ஒரு மண்ணுக்கும் அனுப்ப வேணாம். நம்ம புள்ளய நாமளே பாத்துக்குவோம்"னாரு. அவரு சொன்ன ஒரே நல்ல வார்த்த அதுதான். மத்தபடி அவரு செஞ்சதெல்லாம் கூத்து.

மொதல்ல சின்னராசா பூசாரி. முனி புடிச்சிருக்குன்னான். வேப்பங்கொத்தால அடிக்கணுமாம், மொளகாப் பொக போடணுமாம். நான் வேணாம் வேணாம்னேன், இவரு கேக்கல. சட்டியில மொளகாயப் போட்டதும் புள்ள மூச்சு முட்டி நீலம் பாய்ஞ்சு போச்சு. நான் சட்டிய ஒரு ஒதை விட்டேன் பாருங்க. பூசாரி கையில இருந்த வேப்பங்கொத்தப் புடுங்கி, அவன் முதுகுல ரெண்டு போட்டேன். முனி ஓடுச்சோ இல்லியோ, பூசாரி ஓடிட்டான். வேட்டியக் கையில புடிச்சுக்கிட்டு அஞ்சாம் லயம் வரைக்கும்! இன்னிக்கும் என்னக் கண்டா எதுத்த பக்கத்தால போயிருவான்.

அதுக்கப்புறம் இவருக்கு ஒரு யோசன. "அடியே, டாக்டரு ஆட்டிசம்னுதான சொன்னாரு? பேருலயே மருந்து இருக்கே. ஆட்டுப்பால் குடுத்தாச் சரியாயிரும்"ங்கிறாரு. லண்டன்ல படிச்சவருக்கு வெளங்காதது தேயில ஸ்டோருல வெளங்கிருச்சு! மடுல்சீமையில அவரு தம்பி வீட்டுலேருந்து ஒரு ஆட்டக் கொண்டாந்துட்டாரு. பஸ்ஸுல ஏத்தலன்னு பாதி தூரம் நடந்தும், பாதி தூரம் லொறியிலயுமா. ஒத்தக் கொம்பு, ராங்கி புடிச்ச ஆடு. என்னய ஒதைக்கும், அவர ஒதைக்கும். ஒரு நாள் அவுத்துக்கிட்டுப் போயி தொர பங்களாவுல டேலியாப் பூவ மொட்ட அடிச்சுட்டு வந்துருச்சு. கங்காணி வாசல்ல நின்னு கத்துறாரு. இவரு உள்ளேருந்து, "அது மருந்து ஆடுங்க கங்காணி, மருந்து ஆடு"ங்கிறாரு!

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த ஆடு சரோசாவ ஒதைக்கல. யாரு தொட்டாலும் கத்துற புள்ள, அது வயித்துல தலைய வச்சுப் படுத்துக் கெடந்தா. அதுவும் அசையாது, அச போட்டுக்கிட்டு நிக்கும். நான் தூரத்துல நின்னு பாப்பேன். எனக்குப் பொறாமைங்க. ஆட்டு மேல பொறாமப்பட்டவள நீங்க பாத்திருக்கீங்களா? பாத்துக்கிடுங்க.

ஒரு நாள் கொழுந்து நிறுத்துக் குடுத்துட்டு வர்றேன். லயத்துக்குப் பின்னாலேருந்து பேச்சுச் சத்தம் கேக்குது. "எங்க பிள்ளை, வாயைத் திறவுங்கோ பாப்பம்." அய்யோ, டாக்டரு லயத்துக்கே வந்துட்டாரான்னு அவசர அவசரமா முந்தானையச் சரி பண்ணிக்கிட்டு எட்டிப் பாக்குறேன். டாக்டரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. இவ ரெண்டு கையாலயும் ஆட்டோட தாடையப் புடிச்சுக்கிட்டு இருக்கா. "எங்க பிள்ளை, வாயைத் திறவுங்கோ பாப்பம்." அதே இழுவ, அதே ராகம்.

ஆடும் தொறந்துச்சு தங்கச்சி! மேஏஏன்னுச்சு!

ஏழு வயசு வரைக்கும் ஒரு சொல்லுப் பேசாத புள்ள. பொறந்தது தோட்டத்துல, வளந்தது லயத்துல, மொதப் பேச்சு யாழ்ப்பாணத் தமிழ்! அதுவும் ஆட்டுக்கிட்ட!

கூடைய எங்க போட்டேன்னு தெரியல. ஓடிப் போயி அவ முன்னால முட்டி போட்டு உக்காந்து, நான் என் வாயத் தொறந்தேன். ஆன்னு. லயத்துப் பொம்பளைங்க எல்லாம் வந்து சுத்தி நின்னு பாக்குறாங்க, நான் வாயத் தொறந்துக்கிட்டே இருக்கேன். அவ என் வாய்க்குள்ள எட்டிப் பாத்தா. நல்லாப் பாத்தா. அப்புறம் திரும்ப ஆட்டுக்கிட்டப் போயிட்டா.

அதுக்கப்புறம் நடந்த சண்டையச் சொல்லணுமே. இவரு சொல்றாரு ஆட்டுப்பாலுதான்னு. ஓடிப்போன பூசாரி தூரத்துல நின்னுக்கிட்டே சொல்றான், அன்னிக்கு முனி எறங்கினதாலதான்னு. அப்பவே இந்த ஹக்கீமுக்கிட்டயும் வரத் தொடங்கிட்டோமா, இவரு சொல்றாரு, "அல்ஹம்துலில்லாஹ், நான் குடுத்த எண்ணெய் வேல செஞ்சிரிக்கி"ன்னு. எண்ணெய ஆடு நக்கிருச்சுங்க! அத நான் அவருகிட்டச் சொல்லல, பாவம் வயசான மனுசன். சொன்னாலும் அந்தக் காதுல விழாது.

எனக்கு மட்டும் டாக்டருகிட்டக் காட்டணும்னு ஒரே ஆச. வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னவருகிட்டயே போனேன். "ஐயா, பேசிட்டா ஐயா, உங்க பேச்சத்தான் பேசுறா"ன்னு. அவரு பேனாவ வச்சிட்டு, இவளப் பாத்து, "உம்மட பேர் என்ன?"ன்னாரு. இவ காத்தாடியப் பாக்குறா. "இது என்ன கையில?"ன்னாரு. அப்பவும் காத்தாடியத்தான் பாக்குறா. பாழாப் போன காத்தாடிய நிறுத்தித் தொலைங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு. கடைசில, "தாய்மாருக்கு ஆசை இருக்குந்தான். இல்லாததெல்லாம் காதில கேக்கும்"னாரு. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன்.

இப்ப? இப்ப நெறையப் பேசுவா. எல்லாம் இரவல் பேச்சு. தண்ணி வேணும்னா என்ன சொல்லுவா தெரியுமா? "ஹாலிஎல பஹின்ன!" பஸ் கொண்டக்டரு எறங்கச் சொல்லிக் கத்துவான்ல சிங்களத்துல, அது. அங்க எறங்கினதும் பைப்புல தண்ணி குடிக்கிறது எங்க வழக்கம், அத வச்சுப் புடிச்சுக்கிட்டா. பசிச்சா, "கொழுந்து காணாது, கொழுந்து காணாது." கங்காணி குரலு! மொத நாள் கேட்டுட்டு என் வூட்டுக்காரரு, கங்காணிதான் வந்துட்டாருன்னு பீடியத் தூக்கி எறிஞ்சுட்டாரு. எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்குங்க. நாமதான் எங்க கேட்டா, எப்பக் கேட்டான்னு தேடிப் புடிக்கணும். எனக்கு ரொம்பப் பாடு. ஆனா இப்ப ஓரளவுக்குப் புடிச்சுருவேன்.

என் பேச்சு மட்டும் ஒண்ணு கூட அவ வாயில வரல.

நாள் முழுக்கப் பேசுறேன். தூங்கும்போது கூடப் பேசுறேனாம், அவரு சொல்றாரு. ஊரான் பேச்செல்லாம் எடுத்துக்கிட்டா, என்னோடத விட்டுட்டா. ஒருவேள ரொம்ப மலிஞ்சு கெடக்குதுன்னு விட்டுட்டாளோ என்னமோ. இருக்கட்டும். அவ எடுக்கிறப்ப எடுக்கட்டும். நான் நிறுத்தப் போறதில்ல.

அப்புறம் ஏன் இன்னும் இங்க வர்றேன்னு பாக்குறீங்க. நீங்க கேக்கல, உங்க மூஞ்சி கேக்குது. மருந்தா? அதெல்லாம் எனக்கு நம்பிக்க இல்ல, கஞ்சியும் பாதி நாளு காச்சுறதில்ல. உள்ள போனா அந்த மனுசன் கேப்பாரு, "இந்த மொற புள்ள என்ன செஞ்சிச்சி?"ன்னு. நான் சொல்லுவேன். கேக்குற காத இந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் கேப்பாரு. ஒரு தரங்கூட "நீ என்ன செஞ்சே?"ன்னு கேட்டதில்ல. அதுக்குத்தான் வர்றேன். பஸ்ஸுல இடிபட்டு, வேலைய விட்டுட்டு, தோட்டக் கணக்குல பேரு விழாம ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வர்றேன்.

...இருங்க. எங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க டாக்டரம்மா.

அட, உக்காருங்கன்னா. நீங்க யாருன்னு நீங்க படியேறும்போதே எனக்குத் தெரியும். பதுளை ரோட்டுல போறப்பல்லாம், டாக்டரு வீட்டு மாடியில நீங்க துணி காயப் போடுறத எத்தன தடவ பாத்திருக்கேன். பொட்ட அழிச்சுட்டு முக்காடு போட்டா அடையாளம் தெரியாதா? வாயத் தொறந்தா யாழ்ப்பாணத்துப் பேச்சு வந்துரும்னுதானே இவ்வளவு நேரமும் ம்முனு கூடச் சொல்லாம இருந்தீங்க? வந்ததும் டாக்டரம்மான்னு கூப்பிட்டிருந்தா அப்பவே ஓடியிருப்பீங்க. அதான் தங்கச்சின்னேன். கோவிச்சுக்காதீங்க. அவரப் பத்தி நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய் இல்ல, ஆனா நீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.

ரெண்டாந்தரம் டிஸ்பென்சரிக்குப் போனேன்னு சொன்னேனில்ல, அன்னிக்கு என் தலைக்கு மேல, மாடிப் பலகையில சத்தம் கேட்டுச்சு. நுனிக்கால்ல ஓடுற சத்தம். ஒரே வட்டமா, நிக்காம, சுத்திச் சுத்தி. வேற யாரு கேட்டாலும் புள்ள வெளையாடுதும்பாங்க. எனக்குத் தெரியாதா அந்த ஓட்டம்? நான் மேல பாத்தேன். டாக்டரு மேல பாக்கல. ஆனா எழுதிக்கிட்டு இருந்த பேனா அப்படியே நின்னு போச்சு. அதனாலதான் அவரு கோவமாப் பேசாதப்ப நானும் ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு வந்தேன்.

ஒண்ணு கேக்கவா? என்கிட்டச் சொன்னத உங்ககிட்டயும் சொல்றாரா? தாயிலதான் பிழைன்னு?

...சரி. சொல்ல வேணாம். அழாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க. இந்தாங்க, மொகத்தத் தொடைங்க. கொழும்பு விடுதிக்கு உங்க புள்ளயவும் அனுப்பணும்னாரா? அனுப்பாதீங்க. அவருகிட்டச் சண்ட போட வேணாம், அனுப்ப முடியாதுன்னு மட்டும் சொல்லிட்டு நில்லுங்க. அவரும் கெட்டவரில்ல. என் வூட்டுக்காரரு ஆட்டுல தேடுனாரு, உங்க வூட்டுக்காரரு பொஸ்தகத்துல தேடுறாரு. கெடைக்கலன்னதும் பக்கத்துல நிக்கிறவ மேல பாயுறாங்க, அவ்வளவுதான்.

யாரு? நளீராவா? இந்தா வந்துட்டோம்மா. ஹக்கீமு மக கூப்புடுது, என் மொற. ஏ நளீரா, இவங்க மொதல்ல போகட்டும். ஆமா, நான்தான் சொல்றேன். எனக்கு அவசரமில்ல. யாரா? என் தங்கச்சி. தூரத்துல கட்டிக் குடுத்தது.

போங்க டாக்டரம்மா. வீட்டுக்கா போறேங்கிறீங்க? இவ்வளவு தூரம் வந்துட்டு? உங்களுக்குக் கால் இருக்கு, நான் தடுக்க முடியுமா. போறதுன்னா செருப்பப் போட்டுக்கிட்டுப் போங்க...

அடடே. அங்க பாருங்க. படிக்கட்டப் பாருங்க!

சரோசா எப்ப தூண விட்டா? விறாந்தைக்கு வந்த ஜனம் அத்தன பேரு செருப்பையும் வரிசையா அடுக்கிக்கிட்டு இருக்கா, பெருசுலேருந்து சிறுசா. உங்க மக எடுத்துக் குடுக்குது பாருங்க, ஒவ்வொண்ணா! வெரல ஆட்டுறத விட்டுட்டு... அய்யோ, எவ்வளவு பதவிசாக் குடுக்குது! யாருக்காச்சும் இப்படி ஒரு சாமானக் கையில எடுத்துக் குடுத்திருக்கா அது? இல்லையா? சரோசாவும் யாருகிட்டயும் வாங்கினதில்லைங்க. எங்கிட்டக்கூட.

கூப்புடாதீங்க. சத்தம் போடாதீங்க. மூச்சு விடுறதையும் மெதுவா விடுங்க.

உங்க செருப்பு எது? அந்தச் சிவப்பு வாரு வச்சதா? நல்லாப் போச்சு, நட்ட நடுவுல இருக்கு. அத இப்ப உருவினீங்கன்னா ரெண்டும் சேந்து போடுற கூப்பாட்டுல பக்கத்துப் பள்ளிவாசலே கூடிரும், சொல்லிட்டேன். உங்களுக்கும் வழி இல்ல, எனக்கும் வழி இல்ல. உள்ள இருக்கிற ஆளுங்களும் இன்னிக்கு வெறுங்காலோடதான் வீட்டுக்குப் போகணும்.

போங்க, உள்ள போயிட்டு வாங்க. அவரு என்ன குடுத்தாலும் தலைய ஆட்டி வாங்கிக்குங்க, காச்சுறதும் விடுறதும் உங்க இஷ்டம். அவருக்கு இடது பக்கத்துல உக்காருங்க, அந்தக் காதுதான் கேக்கும். புள்ள இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்.

அவரு "என்ன செஞ்சிச்சி?"ன்னு கேப்பாரு. இன்னிக்கு என்ன செஞ்சுதுன்னு சொல்லுங்க. உங்க பேச்சுலயே சொல்லுங்க.